தோற்ற அணியின் இருபத்தேழாம் நம்பர்

அந்த யோசனை எனக்கு வந்தபோது ஆட்டம் கடைசி குவார்ட்டரில் இருந்தது. என் டீம் நூறு பாயிண்டுக்கு மேல் பின்தங்கியிருந்தது.

என் டீம் என்பது வேலைப் பழக்கத்தில் வருகிற பேச்சு. ஆஸ்திரேலியாவில் ஏதோ ஓர் ஊர் லீக்கில், அந்த நாட்டுக்கே உரிய முட்டை வடிவப் பந்தை வைத்து ஆடுகிற பதினெட்டுப் பேர் அவர்கள். நான் திருப்பதியில் ஒரு மாடி ஆபீஸில் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்து, அவர்கள் பந்தைத் தொடும் ஒவ்வொரு தடவையும் கீயை அழுத்துகிறவள். டேகிங் என்பார்கள். யார், எங்கே, என்ன செய்தார் என்று மூன்று கீ. அடுத்தது.

அந்த டீமில் இருபத்தேழாம் நம்பர் ஒருவன். ஒல்லி. இடது கால் சாக்ஸ் எப்போதும் கணுக்காலில் சரிந்து கிடக்கும். தங்கள் கோலுக்கு முன்னால் நிற்கிற டிஃபெண்டர். அவன் மறுபடியும் பந்தை உதைத்தான், நான் கீயை அடித்தேன், சும்மா ஷீட்டை இழுத்துப் பார்த்தேன். மற்ற எவனுடைய வரியையும் விட அவன் வரி இரண்டு மடங்கு நீளம். இவ்வளவு அடி வாங்குகிற டீமில் ஒருவன் இப்படி ஆடுகிறானே, இவனை யாராவது கவனிப்பார்களா என்று தோன்றியது. படுதோல்வி அடைந்த டீம்களில் தனியாக நின்று ஆடியவர்களுக்கு மட்டும் ஒரு லிஸ்ட் போட்டால் என்ன?

பக்கத்து சீட்டில் இருந்த சுகுணாக்காவிடம் சொன்னேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“இன்னாடி, தோத்துக்கினு கீற டீம்ல ஹீரோ தேடிக்கினு கீற? என் டீம்ல ஆறு பேர் கீறான், வந்து பாரு.”

தோற்ற ஷீட் யாருக்கு

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எங்கள் ஆபீஸ் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மேட்சுக்கு இரண்டு பேர். ரெக்கார்ட் ஆன மேட்ச் என்பதால் யார் ஜெயித்தார்கள் என்பது முன்பே தெரியும். ஜெயித்த டீம் பந்தை அதிகம் தொடும், கை வேகம் வேண்டும்; அதனால் அந்த ஷீட் சீனியருக்கு. தோற்ற டீமின் ஷீட் புதியவருக்கு. இரண்டும் தனித்தனியாக கிளையன்டுக்குப் போகும். ஒருவர் ஷீட்டை இன்னொருவர் திறந்து பார்ப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதத்தில் நான் ஒரு மேட்ச்கூட ஜெயித்ததில்லை.

அந்த மாதம் எனக்கு கன்ஃபர்மேஷன். ஏதாவது ஒரு மேட்சை எடுத்துச் சரிபார்க்கிற ரிவ்யூவில் தப்பு இரண்டு சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி ட்ரெயினிங் பேட்ச். அங்கே இரண்டாம் தடவை போன யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. வேலை போனால் நகரியில், எங்கள் வீட்டு பவர்லூம் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து வேறு வேலைக்கு அப்ளை பண்ண வேண்டும். போனில் எவன் பேசினாலும் காதில் விழாது.

என் பதினொரு மேட்சுகளை எடுத்து லிஸ்ட் போட்டேன். ஒவ்வொன்றிலும் முதலில் வந்தவன் கோலுக்கு முன்னால் நிற்கிற டிஃபெண்டர். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெரிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு டீம் லீடர் பாலாஜி அண்ணாவிடம் ஓடினேன். பாகாலா ஊர்க்காரர், தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். ரிவ்யூவுக்கு இருபத்தேழாம் நம்பர் ஆடிய மேட்சையே எடுங்கள் என்று நானே கேட்டேன்.

கிக்-இன்

திங்கட்கிழமை அவர் வீடியோவை ஓட்டினார். நானும் பக்கத்தில் நின்றேன்.

இந்த ஆட்டத்தில் இரு பக்கமும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்குள் பந்து போனால் ஆறு பாயிண்ட், அது கோல். ஓரத்தில் போனால் ஒரே பாயிண்ட், அதற்கு பிஹைண்ட் என்று பெயர். பிஹைண்ட் விழுந்தால் டிஃபெண்டர் கோலுக்கு முன்னால் வரைந்த கட்டத்திலிருந்து பந்தை உதைத்து ஆட்டத்தை மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அது கிக்-இன். கட்டத்துக்குள்ளிருந்தே உதைத்தால் அது அவன் கணக்கில் கிக் ஆகாது. கட்டத்தை விட்டு ஓடி வந்து உதைத்தால்தான் ஆகும். ட்ரெயினிங்கில் சொல்லியிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் கிக் என்று அடித்திருந்தேன்.

“ஏம்மா வனிதா, அவுங்க கோல் மிஸ் பண்ணிக்கினே இருந்தா இவன் உதைச்சிக்கினே இருப்பான். அதுக்கு இவன் ஹீரோ கதா?”

எதிர் டீம் குறி தவறியதெல்லாம் என் ஆளின் பெருமையாக ஷீட்டில் ஏறியிருக்கிறது. அவர்கள் ஒழுங்காக கோல் போட்டிருந்தால் இவன் சாதாரண ஆள்.

தப்பு ஒன்று புள்ளி எட்டு சதவீதம். பாஸ். பாலாஜி அண்ணா சிரித்துக்கொண்டே, தப்பித்தாய் போ என்றார். கேன்டீனில் சுகுணாக்கா ஒரு மைசூர் போண்டாவைத் தூக்கி என் தட்டில் போட்டார்.

வீட்டுக்குப் போகிற சாயங்கால ரயில் புத்தூர் தாண்டும்போதுதான் உறைத்தது. ரிவ்யூ பார்த்தது ஒரு மேட்ச். மற்ற பத்திலும் இதே கையால்தான் அடித்திருக்கிறேன். அவையெல்லாம் கிளையன்டுக்குப் போய்விட்டன. சிலவற்றில் இதைவிட பிஹைண்ட் அதிகம். சொன்னால் இரண்டு சதவீதம் நிச்சயம் தாண்டும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் லிஸ்ட் போட முடியாது. தப்பான நம்பர் மேல் என்ன லிஸ்ட்? லிஸ்ட் பெரிதா வேலை பெரிதா என்று இறங்கும்வரை யோசித்தேன். முடிவுக்கு வந்தேன் என்று சொல்ல மாட்டேன். காலையில் ஆபீஸுக்குள் நுழைந்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பாலாஜி அண்ணா பேனா மூடியைக் கழற்றி மாட்டினார்.

“நேத்தே சொல்லியிருக்கலாம். இல்ல, சொல்லாமயே இருந்திருக்கலாம். ரெண்டும் இல்லாம இன்னிக்கு வந்து சொல்ற. நான் மேல ஏமி செப்பேதி?”

மேலிடத்துக்கு என்ன சொல்வது என்று கேட்டுவிட்டு, அவரே ஒரு வழியும் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் பதினொரு மேட்சையும் திருத்தித் தரச் சொன்னார். கன்ஃபர்மேஷன் லெட்டர் அதுவரை அவர் டிராயரில்.

யாருடைய ஷீட்டில் இருக்கிறான்

திருத்தத் திருத்த என் ஹீரோக்கள் ஒவ்வொருவராகக் கரைந்தார்கள். இருபத்தேழாம் நம்பரும் பாதியானான். ஆனால் மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. எதிரி பிடிக்க வருகிற பந்தை முன்னால் எகிறி முஷ்டியால் குத்தித் தள்ளுவதற்கு ஸ்பாயில் என்று ஒரு கீ உண்டு. கடைசி இரண்டு குவார்ட்டரில் நான் அந்தக் கீயைத் தொடவே இல்லை; அடித்ததை மட்டும் பார்க்கிற ரிவ்யூவிலும் அது சிக்கவில்லை. எப்படியும் தோற்ற ஆட்டம்தானே என்று கை தானாகச் சோம்பியிருக்கிறது. அவன் சோம்பவில்லை. குத்திக்கொண்டே இருந்தான்.

உடனே மறுபடி சந்தோஷம், உடனே மறுபடி குழப்பம். பந்து அவன் பக்கமே வந்துகொண்டிருந்தால் குத்துகிற தடவையும் கூடத்தானே செய்யும்? இதுவும் கிக்-இன் மாதிரிதானா? குத்தினதைக் கூட்டுவதா, குத்தாமல் விட்டதைக் கழிப்பதா? டிகிரியில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்தவள்தான் நான். எதை எதால் வகுப்பது என்று பிடிபடவில்லை.

புலம்பல் தாங்காமல் சுகுணாக்கா ஹெட்ஃபோனைக் கழற்றினார். “அவன் யாரைப் புட்சிக்கினு இருந்தான்?”

டிஃபெண்டர் எதிர் டீமில் ஒருவனை ஒட்டியே காவல் நிற்பதைத்தான் பிடிப்பது என்கிறோம். ஒன்பதாம் நம்பரை என்றேன். ஜெயித்த டீமின் பெரிய கோல் அடிக்கிற ஆள். சுகுணாக்கா வழக்கத்தை மீறித் தன் ஷீட்டைத் திறந்தார். முதல் பாதியில் ஒன்பதாம் நம்பருக்கு ஐந்து கோல். இடைவேளைக்குப் பிறகு ஒன்று. வீடியோவில் போய்ப் பார்த்தோம். முதல் பாதியில் அவனைப் பிடித்தது வேறொருவன். இடைவேளைக்குப் பிறகுதான் சாக்ஸ் சரிந்த என் ஆள் அவனுடன் ஒட்டி நிற்கிறான். அதற்கப்புறம் விழுந்த மற்ற கோலெல்லாம் மைதானத்தின் மறு ஓரத்திலிருந்து.

என் ஆள் செய்த வேலை என் ஷீட்டில் இல்லை. எதிரியின் ஷீட்டில், விழாத கோலாக இருந்தது.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். சுகுணாக்கா கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“இருடி. அந்த ஒம்பது அறுபது பாயிண்ட் லீடிங்ல கீறான். போதும்னு அவனே காலைத் தேச்சிக்கினு நின்னிருந்தா?”

அதுவும் சரிதான். இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு ஷீட்டையும் கொடுத்தேன். கன்ஃபர்மேஷன் ஒரு மாதம் தள்ளிப்போனது. நானே வந்து சொன்னதால் ட்ரெயினிங் பேட்ச் இல்லை. இரண்டு ஷீட்டையும் ஒட்டி வைத்துப் பார்த்ததைப் பாலாஜி அண்ணாவிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, இது கிளையன்டுக்கு வேண்டாம், முதலில் எனக்கு நம்பிக்கை வர வை என்றார். இந்த வேலையில் நான் கற்றது இவ்வளவுதான்: ஒருவனை எண்ணுவதற்கு முன்னால் அவன் பக்கத்தில் நின்றவனைப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகும் நிச்சயமாகச் சொல்ல முடியாமல் போகலாம்.

இருபத்தேழாம் நம்பரின் அடுத்த மேட்ச் வந்திருக்கிறது. அதிலும் படுதோல்வி. நாளை சனிக்கிழமை, பாலாஜி அண்ணாவிடம் கேட்டு, முதல்முறையாக ஜெயித்த ஷீட் எனக்கு, தோற்ற ஷீட் சுகுணாக்காவுக்கு. அவன் பிடிக்கப்போகிற ஆளை நான் எண்ண வேண்டும், ஸ்கோர் என்னவாக இருந்தாலும் கடைசி நிமிஷம்வரை. பந்து வராத நேரத்தில் அந்த ஆள் ஓடுகிறானா நிற்கிறானா என்று குறிக்க ஒரு கீ வேண்டும். கீபோர்டில் எட்டாம் நம்பர் காலியாக இருக்கிறது. அதில் போட்டு வைத்திருக்கிறேன்.