மூன்று விசில்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. 2006, ஜனவரி 7, சனிக்கிழமை, விடியற்காலை. மரக்காணத்தில் உப்பள மேஸ்திரியாக இருக்கும் சடையப்பனுக்கு நடந்தது. அவர் குடிக்கிற ஆள் இல்லை, கதை விடுகிற ஆளும் இல்லை. இன்றைக்கும் பின்னால் யாராவது விசிலடித்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுத் திரும்புவார். நானே பார்த்திருக்கிறேன்.

மழைக்காலத்தில் உப்பளம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். தை பிறக்கும்வரை மேஸ்திரிக்கு வேலை கிடையாது. அந்த நாட்களில் சடையப்பன் ரீல் வைத்த தூண்டிலோடு முகத்துவாரத்துக்குப் போய்விடுவார். மீனை விற்கப் போகிற ஆசையெல்லாம் இல்லை. கொடுவா மீன் இழுக்கும்போது கையில் ஏறுமே ஒரு துடிப்பு, அதற்காகத்தான். இதைப் பழக்கியவர் அசோகன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடை வைத்திருந்தார். ஐந்தாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. இரண்டு மழைக்காலமாக இருவரும் சேர்ந்தே போனார்கள்.

முகத்துவாரத்தின் நடுவில் ஒரு மணல்திட்டு உண்டு. தண்ணீர் வற்றியிருக்கும்போது இடுப்பளவில் நடந்து போய்விடலாம். பெரிய மீன் அங்கேதான் கடிக்கும். ஆனால் கடல் ஏற ஆரம்பித்தால் திட்டு முழுகிவிடும். கரைக்கும் திட்டுக்கும் நடுவே ஓடும் தண்ணீர் ஆளையே உருட்டிக்கொண்டு போகும்.

அதனால் தூண்டில்காரர்களுக்குள் ஒரு முறை இருந்தது. ஒருவர் திட்டில், ஒருவர் கரையில். கரையில் நிற்பவர் தண்ணீர் ஓரமாக ஒரு சவுக்குக் குச்சியை ஊன்றி, அதில் சிவப்புத் துணி கட்டி, அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு விசில் என்றால் பயமில்லை. மூன்று விசில் என்றால் துணி நனைந்துவிட்டது, உடனே கிளம்பு. திட்டில் இருப்பவர் அதே கணக்கில் பதில் விசில் கொடுப்பார். அவர் கரையேறி, தன் கையால் குச்சியைப் பிடுங்கும்வரை கரைக்காரர் நகரக் கூடாது. திட்டில் இருப்பவரின் உயிரே கரைக்காரர் கையில்தான்.

அசோகன் ஒருநாள்கூடத் திட்டுக்குப் போனதில்லை. எப்போதும் ஒரே பேச்சு.

"நீ போ சடை. நான் நிக்கிறேன்."

நல்ல இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, குளிரில் கரையில் காவல் நிற்கிற கூட்டாளி யாருக்குக் கிடைப்பான்? சடையப்பன் இதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை நல்ல பனி. 4.50க்குத் திட்டில் ஏறினார். கரை தெரியவில்லை. ஐந்து மணிக்கு ஊரில் அம்மன் கோயில் ஸ்பீக்கர் மார்கழிப் பாட்டைத் தொடங்கியது.

5.05. கரையிலிருந்து ஒரு விசில்.

பதில் கொடுக்க விரலை வாயில் வைத்தார். அவர் ஊதுவதற்கு முன்பே பதில் போய்விட்டது... அவருக்குப் பின்னாலிருந்து. கடல் பக்கம்.

எதிரொலி என்று நினைத்துக்கொண்டார். திறந்த கடலில் எதில் பட்டு எதிரொலிக்கும் என்று யோசிக்கவில்லை.

5.20. கரையில் ஒரு விசில். பின்னாலும் ஒன்று. இந்த முறை கிட்டத்தில்.

டார்ச் அடித்துப் பார்த்தார். பனிதான். பக்கெட்டில் இரைக்காகப் போட்டிருந்த மடவை மீன் குஞ்சுகள் எல்லாம் ஒரே ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தன. கரைப் பக்க ஓரத்தில்.

5.31. தூண்டில் நரம்பு விறைத்தது. ஆனால் மீன் மாதிரி வெட்டி இழுக்கவில்லை. மெதுவாக... ஒரே சீராக... யாரோ கயிறு சுற்றுவது போல இழுத்தது. அதோடு மல்லுக்கட்டித் திரும்பித் திரும்பி நின்றதில் கரை எந்தப் பக்கம் என்பதே மறந்துபோனது, வேறு சத்தம் எதுவும் காதில் ஏறவில்லை. பட்டென்று நரம்பு அறுந்தது.

5.36. மூன்று விசில்.

நேர் எதிரில். மிகக் கிட்டத்தில்.

விசில் வந்த திசைதானே கரை? நடந்தார். முழங்கால். தொடை. இடுப்பு.

"அசோகா..."

இன்னொரு அடி வைத்தார்.

மறுபடியும் மூன்று விசில். கை நீட்டினால் தொடலாம் போல.

அப்போதுதான் காதில் விழுந்தது. கோயில் பாட்டு.

முதுகுக்குப் பின்னால்.

ஊர் பின்னால் இருக்கிறது. கரையும் பின்னால்தான்.

அவர் கடலுக்குள் நடந்துகொண்டிருந்தார்.

தூண்டிலைப் போட்டார். திரும்பினார். தண்ணீர் மார்பைத் தொட்டது. கால் நிலைக்கவில்லை. பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நீந்தினார். பின்னால் விசில் வந்துகொண்டே இருந்தது...

5.52. கரை.

குச்சி நின்றது. துணி தண்ணீருக்கு அடியில் கிடந்தது. அசோகனைக் காணோம். அவருடைய வண்டியையும் காணோம்.

சடையப்பன் அங்கேயே உட்கார்ந்து அழுதார். பயம் அப்புறம்தான் வந்தது. விட்டுட்டுப் போயிட்டானே என்ற ஆற்றாமைதான் முதலில் வந்தது.

நனைந்த துணியோடு ரோட்டுக்கு நடந்து வந்தபோது மணி 6.40. அப்பாதுரையின் டீக்கடைப் பெஞ்சில் அசோகன் உட்கார்ந்திருந்தார். தலை தூக்கிப் பார்த்ததும் கிளாஸ் பாதியில் நின்றது.

"வந்துட்டியா?" என்றார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

"ஏம்பா விட்டுட்டு வந்தே?"

"மூணு விசில் அடிச்சேன். நீ மூணு பதில் குடுத்தே. குளிரு தாங்கல, கெளம்பிட்டேன்."

"நான் அடிக்கலடா."

அசோகன் கிளாஸைக் கீழே வைத்தார். பின்னே யார் அடித்தது என்று கேட்கவேண்டும் அல்லவா? கேட்கவில்லை. எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெஞ்சைத் துடைத்துக்கொண்டே அப்பாதுரை சொன்னார்: "சுனாமிக்கு முந்தின வருச மார்கழியிலயும் இதே பெஞ்சுல உக்காந்து இதையேதான் சொன்னாரு. பெருமுக்கல் பாவாடை முழுகிப்போன அன்னிக்கு."

தூண்டில்காரன் பாவாடை முழுகிச் செத்தது சடையப்பனுக்குத் தெரியும். தனியாகப் போய் மாட்டிக்கொண்டான் என்று அவரிடம் சொன்னதே அசோகன்தான்.

மறுநாள் பெருமுக்கல் போனார். பாவாடையின் மனைவி சுலோசனா வயலிலிருந்து வந்து, தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேசினாள். அன்றைக்குக் கரையில் நின்றது அசோகன்தானாம். மூன்று விசில் அடித்தேன், மூன்று பதில் வந்தது, வந்துவிட்டேன் என்று அவளிடமும் சொன்னாராம்.

"ஆனா எங்க வீட்டுக்காரருக்கு விசிலே வராதுங்க" என்றாள். "முன்பல்லு நாலும் கெடையாது. கண்டக்டர் விசில் ஒண்ணு வாங்கி வெச்சிருந்தாரு. அன்னிக்குப் பாத்து மறந்துட்டுப் போயிட்டாரு."

சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தூசி படிந்த கண்டக்டர் விசில்.

சடையப்பன் அதைத் தொட்டுப் பார்த்தார். இது அசோகனுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"காரியத்தன்னிக்கே சொன்னேனுங்களே. விசில அவரு கையிலயே எடுத்துக் குடுத்தேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, திரும்ப மாட்டிட்டுப் போயிட்டாரு."

இரண்டு வருஷம். திட்டிலிருந்து பதில் கொடுத்தது பாவாடை இல்லை என்று இரண்டு வருஷமாக அசோகனுக்குத் தெரியும். தெரிந்துதான் சடையப்பனைத் தேடி வந்து தூண்டில் பழக்கினார். தெரிந்துதான் ஒவ்வொரு விடியற்காலையிலும் கரையிலேயே நின்றுகொண்டு, வாய் கூசாமல் சொன்னார்...

"நீ போ சடை. நான் நிக்கிறேன்."