காப்பு அவுக்காத கை

எங்கள் லயத்து வரிசை வீடுகளின் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர்கள், மஞ்சள் நூலில் விரலி மஞ்சளைக் கோத்து வலது கையில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். சட்டி இறக்கிக் காப்பை அவுக்கிற வரைக்கும் கறி தொடக் கூடாது, முடி வெட்டக் கூடாது, உடம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் விழக் கூடாது. பீர்மேட்டில் தேயிலைக்கு வந்த நாளிலிருந்து எங்கள் ஆட்களுக்கு இதுதான் முறை.

கொரோனா இரண்டாவது தடவை வந்த சித்திரையில் என் வீட்டுக்காரரும் காப்புக் கட்டினார். மகள் கம்பம் ஊரில் நிறைமாதமாக இருந்தாள். முந்தின பிள்ளை தங்கவில்லை. இந்தப் பிரசவம் நல்லபடியாக ஆகட்டும் என்று நேர்ந்திருந்தார். கட்டின வாரமே திருவிழாவை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். சட்டி எடுக்காமல் எப்படி அவுப்பது? திருவிழா நடத்த உத்தரவு வரட்டும் என்று எல்லார் கையிலும் நூல் அப்படியே கிடந்தது.

அப்போதுதான் எஸ்டேட் டிஸ்பென்சரியில் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். வீடு வீடாகச் சொல்ல வந்த சுகாதார ஊழியர் ஆஷா சேச்சி மலையாளத்துக்காரி, ஆனாலும் எங்களைப் போலவே பேசுவார்.

"அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கு. அண்ணன்தான் முதல்ல வரணும்."

"காப்புக் கட்டின உடம்புல ஊசி குத்தக் கூடாது சேச்சி. திருவிழா முடியட்டும், ரெண்டு கையிலயும் போட்டுக்கிறேன்."

"அதுவரைக்கும் கொரோனா கேட்டுக்கு வெளிய நிக்குமாண்ணே?"

ஃபேக்டரியில் கூட வேலை செய்கிறவர் வாசலில் நின்று கேலி செய்தார். "ஏலே, ஊசிக்குப் பயந்துக்கிட்டு ஆத்தாளை எதுக்குச் சாட்சிக்கு இழுக்க?"

பயமும் இருந்தது. ஊசி போட்டவர் விழுந்து செத்தார் என்று கைபேசியில் என்னென்னவோ வந்துகொண்டிருந்தது. ஆனால் அவருக்கு அதைவிடப் பெரிது மகள்தான். "நான் முறை தப்பி அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" என்றார்.

பூசாரியிடம் போனேன். அவர் கையிலும் காப்பு.

"மாமா, காப்போட ஊசி போட்டா குத்தமா?"

தோளில் கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அது அவரவர் மனசு தாயி."

வந்து சொன்னேன். "போடுன்னு பூசாரியே சொல்லலையே" என்று இவர் படுத்துக்கொண்டார்.

சேச்சி மறுபடி வந்தபோது இவருக்குக் காய்ச்சல். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் மலை இறக்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னை உள்ளே விடவில்லை. ஒரு நர்ஸ் பிள்ளை வீடியோவில் காட்டியது. ஒரு ஊசிக்குத் தப்பி நின்ற மனுசனுக்கு ரெண்டு கையிலும் ஊசி, குழாய். காப்பை மட்டும் அறுக்காமல் கொஞ்சம் மேலே ஏற்றி ஒட்டுப் போட்டிருந்தார்கள். அவர் கெஞ்சினாராம்.

மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்ததை அந்தப் போனிலேயே சொன்னேன். அவர் கண் திறக்கவில்லை. மறுநாள் போய்விட்டார். காப்போடு எரித்தார்களா, அறுத்தார்களா, யாரும் சொல்லவில்லை.

துக்கம் கேட்க வந்த பூசாரி வாசற்படி ஏறாமல் நின்றார்.

"நீ கேக்குறதுக்கு முன்னாடியே நான் டவுனுக்குப் போய் ஊசி போட்டுட்டேன் தாயி. காப்போடதான். லயத்துல ஏதும் பேசுவாங்கன்னு வெளிய சொல்லல."

அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது. இறக்கி வைத்துவிட்டு வந்தேன். வைது என்ன ஆகப் போகிறது.

"அடுத்த ஊசி எப்ப மாமா உங்களுக்கு?"

"இந்த மாசம்."

"டிஸ்பென்சரியில போடுங்க. எல்லாரும் பாக்க, முதல் ஆளா நின்னு போடுங்க."

நின்றார். சாயம் போன காப்போடு சட்டையை மடக்கினார். அவருக்குப் பின்னால் காப்புக் கட்டினவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அம்மனை நினைத்துக்கொண்டு நானும் நின்றேன். ஊசி வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. இதைச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய மனுசன்தான் இல்லை.