கழற்றிக் கொடுத்த எர்த் கேபிள்

என் மனைவியை எல்லோரும் 'செல்ஃப் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். காரைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரைப் பிரித்து மாட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நான் தையல்காரன். கல்யாணமான புதிதில், அவள் கைக் கறைக்குப் பயந்து வாடிக்கையாளர்களின் வெள்ளைத் துணிகளைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

அவள் தொழில் பழகியது அப்பாவின் பட்டறையில், அண்ணனோடு. ஆறு வருடத்துக்கு முன், அவள் முடித்து வைத்த வண்டி ஒன்றை அண்ணன் மறுபடி பிரித்துச் சரிபார்த்தார், அதுவும் வண்டிக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. ஒரு குறையும் இல்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் அதிகமாக வலித்தது. பட்டறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தவள், தனியாக ஷெட் போட்டாள். அதன்பிறகு இருவரும் பேசவில்லை. நடுவில் சமாதானம் பேசப் போய் இரண்டு பக்கமும் திட்டு வாங்கியவன் நான்.

அன்று காலை ஒன்பதரைக்கு அண்ணி போன் செய்தார். அண்ணனுக்கு இதய ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"பதினோரு மணிக்கு உள்ள கொண்டு போறாங்கம்மா. உன்னப் பாக்கணும்னு கேக்குறாரு. எப்படியாவது வந்துடு."

ஆஸ்பத்திரிக்கு ஐம்பது நிமிடம் ஆகும். வாசலில் நின்ற எங்கள் காரில் ஏறிச் சாவியைத் திருகினாள். டிக் டிக் டிக் டிக். அவ்வளவுதான். மறுபடி திருகினாள். அதே டிக் டிக்.

"ஒரே ஒரு டிக்னா மோட்டார்ல கோளாறு. இப்படித் தொடர்ந்து அடிச்சா கரண்ட் பத்தல. பதினஞ்சு நாளா எடுக்காம கெடந்துச்சே, பேட்டரி படுத்திருக்கும்," என்றாள்.

வாடகைக் காருக்குப் போன் போட்டேன். வந்து சேரவே முக்கால் மணி நேரமாம். "தள்ளிப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"இது ஆட்டோமேட்டிக்குங்க. தள்ளினா உருளும், கெளம்பாது. அந்தப் பத்து நம்பர் ஸ்பேனர எடுங்க."

உள்ளே நல்ல பேட்டரி ஒன்று சார்ஜ் ஏற்றி வைத்திருந்தாள். அதைத் தூக்கி வந்து மாட்டினோம். முனைகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கி இறுக்கினாள். மணி ஒன்பது ஐம்பத்தைந்து. நான் சாவியைத் திருகினேன். டிக் டிக் டிக் டிக்.

அவள் ஸ்பேனரைக் கீழே போட்டாள். அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் போகக் கூடாதுன்னு இருக்கு போல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊரான் வண்டின்னா இப்படி உக்காருவியா? எந்திரிடி!" என்று கத்தினேன். அவளிடம் நான் குரல் உயர்த்தியது அதுவே முதல் தடவை. முறைத்தாள். ஆனால் எழுந்தாள்.

"விடாம திருகுங்க," என்று சொல்லிவிட்டு எஞ்சின் மேல் குனிந்தாள். திருகினேன். அடுத்த நொடி, நெருப்பை மிதித்தவள் மாதிரி துள்ளிக் கையை உதறினாள்.

"ஆக்சிலேட்டர் கம்பி எதுக்குச் சுடுது?"

கேட்டுவிட்டு எஞ்சினுக்குக் கீழே எட்டிப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எர்த் கேபிள்! நான்தாங்க கழட்டினேன்!"

மோட்டாருக்குப் போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வர வேண்டும். அதற்காக எஞ்சினையும் வண்டியின் உடம்பையும் சேர்த்து ஒரு தடித்த கேபிள் இருக்கும். அது இல்லாததால், அவ்வளவு கரண்டும் அந்த ஒல்லிக் கம்பி வழியாகத் திரும்பப் பார்த்திருக்கிறது.

ஜம்பர் கேபிளை எடுத்து வந்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சினிலும் கவ்வ விட்டுக்கொண்டே சொன்னாள். இரண்டு வாரத்துக்கு முன் நான் கடையில் இருந்தபோது அண்ணி அவர்கள் காரில் வந்திருக்கிறார். அண்ணனை டெஸ்ட்டுகளுக்கு அழைத்துப் போக வேண்டிய கார், எர்த் கேபிள் அற்றுப்போகிற நிலையில் இருந்திருக்கிறது. இவள் எங்கள் வண்டியுடையதைக் கழற்றி அதில் மாட்டி, "நான் செஞ்சேன்னு சொல்லிடாதீங்க அண்ணி" என்று அனுப்பியிருக்கிறாள். மறுநாள் புதிது வாங்கிப் போட நினைத்து, அடியோடு மறந்துவிட்டாள். அடுத்தவர் வண்டியில் ஒரு நட்டுக் குறைந்தாலும் தூங்காதவள், தன் வண்டியை இப்படித்தான் வைத்திருப்பாள்.

"இப்ப திருகுங்க."

ஒரே உறுமலில் கிளம்பியது. கேபிளைக் கழற்றாமல், தொங்கிய மிச்சத்தை மட்டும் சுருட்டிக் கட்டிவிட்டு அவளே ஓட்டினாள். மணி பத்து பத்து. வழியில் இரண்டு சிக்னலில் மாட்டிக்கொண்டோம். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கப் பயந்து சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டேன்.

மூன்றாவது மாடிக்கு ஓடினோம். ஆபரேஷன் அறையின் கதவைத் திறந்து பிடித்திருந்தார்கள். ஸ்ட்ரெச்சரின் முன்பக்கம் உள்ளே போய்விட்டது.

"அண்ணா!"

தள்ளிக்கொண்டு போனவர் நின்றார். அண்ணன் கழுத்தைத் திருப்பினார். பாதியாக இளைத்திருந்தார். இவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"வண்டி கெளம்பலையா?"

இவள் ஓடிப்போய் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி அழுதுகொண்டே சொன்னார்: "நீ வரமாட்டியோன்னு நான் பயந்துட்டே இருந்தேம்மா. இவர்தான், 'அவ எப்பவோ கெளம்பியிருப்பா, வண்டிதான் மக்கர் பண்ணியிருக்கும்'னு சொல்லிட்டே இருந்தாரு."

"நேரமாச்சும்மா," என்று ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார்கள்.

"எர்த் கேபிள்ணா!" என்று கத்தினாள். கதவு மூடிக்கொண்டது.

அண்ணன் அந்த அறையிலிருந்து உயிரோடு வரவில்லை. கதவு மூடிய பிறகு உள்ளே அவர் சிரித்தது தனக்குக் கேட்டது என்று இவள் இன்றைக்கும் சொல்கிறாள். நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் கேட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.