பெரிய மேடத்தின் குளியல்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது என் வாழ்க்கையில் ஒரேயொரு இலட்சியம் இருந்தது. தலைக்குமேல் மழைபோலத் தண்ணீர் கொட்டுகிற ஷவரின் கீழ் ஒருமுறையாவது நிற்கவேண்டும்.

அல் குசைஸில் ஒரு ஃபிளாட்டை மூன்று குடும்பங்கள் பங்குபோட்டு இருந்தோம். குளியலறை ஒன்று, வாளிகள் மூன்று. துபாய்க் கோடையில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில் தேயிலை போட்டுக் குடிக்கலாம். மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி அப்படிக் கொதிக்கும். அதனால் காலையிலேயே வாளியை நிரப்பி ஆறவைத்து, பின்னேரம் மக்கால் அள்ளிக் குளிப்போம். அடுத்த குடும்பத்தின் வாளியில் கைவைத்தால் அன்று முழுக்கச் சமையலறையில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். எங்கள் ஷவரோ நான் பிறப்பதற்கு முன்பே உடைந்து, துணி காயப்போடுகிற கொக்கியாக உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பாவின் கொம்பனி சம்பளத்தைப் பாதியாக்கிய வருடம் அம்மா மிர்திஃபில் ஒரு வில்லாவுக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பொறியியலாளர், அவருடைய வயதான தாய். மகனை அம்மா 'சேர்' என்றார், தாயைப் 'பெரிய மேடம்' என்றார். பள்ளி விடுமுறையில் என்னை விட்டுவைக்க இடமில்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் யூதர்கள். இப்போது துபாயில் அதை வெளிப்படையாகச் சொல்கிறார்கள், அன்று யாரும் உரக்கச் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு இரண்டு மெழுகுதிரி ஏற்றுவார்கள். கரண்ட் போய்விட்டதா என்று கேட்டு அம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.

அந்த வீட்டில் என் கனவு ஷவர் இருந்தது. சோற்றுத்தட்டு அளவுக்கு அகலமாக, கூரையிலேயே பதித்திருந்தார்கள். ஆனால் யாரும் அதைத் திறக்கக்கூடாது. சத்தம் கேட்டாலே பெரிய மேடம் கட்டிலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வார். அவருக்கு நினைவு கலைந்துகொண்டிருந்தது. மத்தியானம் சாப்பிட்டது மறந்துபோகும், மகனின் பெயர் சில நாள் மறந்துபோகும், அந்தப் பயம் மட்டும் மறக்கவில்லை. குளிக்கக் கூட்டிப்போன முந்தைய தாதியைக் கடித்துவிட்டாராம். ஈரத்துணியால் துடைக்க வந்தாலும் கத்துவார். உடம்பில் புண் வரத் தொடங்கியிருந்தது. விடுமுறை முடிவதற்குள் வழி கிடைக்காவிட்டால் தாயைத் தன் நாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கவேண்டிவரும் என்று சேர் சொல்லிவிட்டார். அப்படியானால் அம்மாவுக்கு வேலை இல்லை. அப்பாவை இங்கே தனியே விட்டுவிட்டு நானும் அம்மாவும் யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டியதுதான்.

"அவவுக்கு ஏனம்மா தண்ணிக்குப் பயம்?" என்று கேட்டேன்.

"சின்னனிலை சண்டைக்குள்ளை அகப்பட்டவவாம். கேம்பிலை வைச்சிருந்தவங்களாம். நீ அதுகளைத் துருவாதை பிள்ளை."

எங்கள் வீட்டிலும் சண்டை என்ற சொல் வந்தால் பேச்சு அந்த இடத்தில் நின்றுவிடும். அதனால் துருவவில்லை. கேம்ப் என்றால் எனக்கு முசஃபாவில் சித்தப்பா இருந்த தொழிலாளர் கேம்ப் ஒன்றுதான் தெரியும். அங்கே காலையில் குளியலறைக்கு முன்னால் பெரிய வரிசை நிற்குமென்று சித்தப்பா புலம்புவார். அந்த வரிசையில் நின்று நின்றுதான் பெரிய மேடத்துக்குக் குளிப்பே வெறுத்துப்போயிருக்கும் என்று நானே முடிவுகட்டினேன்.

ஒருநாள் மாம்பழச் சாற்றை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டேன். சமையலறைக்குப் பின்னால் வேலையாட்களுக்கென்று ஒரு சின்னக் குளியலறை உண்டு. அங்கே ஷவர் இல்லை, முழங்கால் உயரத்தில் ஒரு குழாய் மட்டும். பழக்கதோஷம், அம்மா அங்கேயும் ஒரு சிவப்பு வாளி வாங்கி நிரப்பி ஆறவைத்திருந்தார். என் சட்டையைக் கழற்றிக் கதவு ஆணியில் மாட்டி, பெட்டிக்கோட்டோடு உட்காரவைத்து, "அள்ளி வார்த்துக்கொண்டிரு, வாறன்" என்று துவாய் எடுக்கப் போனார்.

மத்தியான வெயில் சின்ன ஜன்னலால் வந்து வாளித் தண்ணீரில் விழுந்து சுவரெல்லாம் அசைந்துகொண்டிருந்தது. நான் ஏதோ கனவிலிருப்பதுபோல வார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் பெரிய மேடம். வெறுங்கால், வெள்ளைக் கவுன், அவிழ்ந்த வெள்ளை முடி. அவர் என்னைப் பார்க்கவில்லை. முதலில் கூரையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஆணியில் தொங்கிய என் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். கதவைப் பிடித்து ஆட்டி, அது திறந்தே இருக்குமா என்று பார்த்தார். எல்லாம் முடிந்தபிறகுதான் என்னிடம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

"லிலி?"

பள்ளியில் என் தமிழ்ப் பெயரை மூன்று ஆசிரியைகள் மூன்று விதமாகக் கொலைசெய்வார்கள், மூன்றுக்கும் நான் "யெஸ் மிஸ்" சொல்லிப் பழகியவள். இதுவும் அப்படித்தான் போல என்று, "யெஸ்" என்றேன்.

அவர் முகம் மாறியதை என்னால் சரியாகச் சொல்ல முடியாது. என் கையிலிருந்த மக்கை வாங்கி என் தலையில் வார்த்தார். காதுக்குப் பின்னால் தேய்த்தார், கழுத்தைத் தேய்த்தார், தன் மொழியில் ஏதோ திட்டினார். ஊத்தை போகவில்லை என்று திட்டுவது எந்த மொழியிலும் விளங்கும். பிறகு கவுனோடு என் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்து மக்கை என்னிடம் நீட்டினார். நான் வார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார், கத்தவில்லை. துவாயோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "நிப்பாட்டாதை," என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

அதிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் எங்கள் குளிப்பு நடந்தது. அம்மா அவருக்கு ஒரு பருத்திச் சேலைத் துண்டை மார்புக்குமேல் சுற்றி, ஊரில் கிணற்றடியில் கட்டுவதுபோலக் குறுக்குக்கட்டுக் கட்டிவிட்டார். ஐரோப்பிய மேடம் குறுக்குக்கட்டோடு குந்தியிருந்ததைக் கேட்டு அப்பா, "பிறகென்ன, ஒரு கிணறும் வெட்டிக் குடுங்கோவன்," என்று சிரித்தார். புண்கள் ஆறின. முதியோர் இல்லப் பேச்சு நின்றது. நான் இல்லாமல் பெரிய மேடம் உள்ளே போகமாட்டார் என்பதால், பள்ளி திறந்தபிறகும் என்னைக் கூட்டிப்போக அவர்கள் வீட்டுக் கார் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் சேர் நேரத்தோடு வந்துவிட்டார். தாய், "லிலி, லிலி," என்று என் தலையைத் துவட்டுவதைச் சமையலறை வாசலில் நின்று பார்த்தார். அப்படியே நிலத்தில் உட்கார்ந்து அழுதார். நாங்கள் தரையை நனைத்ததற்குத்தான் அழுகிறாரென்று நான் பயந்துபோனேன். லிலி என்பது பெரிய மேடத்தின் தங்கை என்றும், சண்டையில் செத்துப்போனாள் என்றும், அப்போது அவளுக்கு என் வயது, பெரிய மேடத்துக்குப் பதினாறு என்றும் அன்று அம்மாவிடம் சொன்னாராம். அதற்குப் பிறகு குளிப்பு நாட்களில் அவரும் நேரத்தோடு வீட்டுக்கு வரத் தொடங்கினார்.

"உனக்குப் பயமெண்டா விட்டிடுவம் பிள்ளை," என்று அம்மா கேட்டார். வேலை போனாலும் பரவாயில்லை என்கிற மாதிரித்தான் கேட்டார். எனக்குப் பயமில்லை. குளித்து முடிந்ததும் சேர் தருகிற சாக்லேட்டை விட எனக்கு மனமுமில்லை.

மிச்சத்தைப் பெரிய வகுப்பில் படித்தேன். நாஜிகள் யூதர்களை ரயிலில் அடைத்து முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். திடமாக இருந்தவர்களை வேலைக்கென்று ஒரு பக்கம் அனுப்பினார்கள். பிள்ளைகளையும் தாய்மாரையும் முதியவர்களையும் மற்றப் பக்கம். குளிக்கப் போகிறீர்கள் என்று அவர்களிடம் சொன்னார்கள். உடுப்பைக் கழற்றி ஆணியில் மாட்டச் சொன்னார்கள். உள்ளே கூரையில் ஷவர் மாதிரி இருந்தது. கதவைப் பூட்டினார்கள். தண்ணீர் வரவில்லை, நச்சுவாயு வந்தது. பதினாறு வயது அக்காவை ஒரு பக்கமும் எட்டு வயதுத் தங்கையை மற்றப் பக்கமும் பிரித்திருக்கிறார்கள். அந்தப் பாடத்தன்று நான் வகுப்பில் விம்மி அழுதேன். பெரிய மேடம் அப்போது உயிரோடு இல்லை.

அந்த நாட்களில் குளிப்பு முடிந்ததும் பெரிய மேடம் செய்கிற ஒரு காரியம் உண்டு. துவாயோடு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, சமையலறையைத் தாண்டி, நீண்ட நடையைத் தாண்டி, தண்ணீர் சொட்டச் சொட்ட முன்கூடத்துக்கு என்னை இழுத்துப்போவார். மகனுக்கு முன்னால் என்னை நிறுத்தி, அழுதபடியும் சிரித்தபடியும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார். மகன் எழுந்து வந்து அவர் நெற்றியில் முத்தமிடுவார். ஒவ்வொரு முறையும் இதே கதைதான். மேடம் என்ன சொல்கிறார் என்று ஒருநாள் சேரிடம் கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "வெளியே வந்துவிட்டோம், இரண்டுபேரும் வெளியே வந்துவிட்டோம் என்கிறார்."

குளிக்கப் போனவர்கள் வெளியே வருவதற்கு இவ்வளவு கொண்டாட்டமா என்று நினைத்துக்கொண்டு, நான் சாக்லேட்டுக்குக் கையை நீட்டினேன்.