கனகம் தனி அடுப்பு வைத்தது

அவிநாசிப் பக்கம் கனகத்தைத் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, மாமியார் இருக்கும்போதே ஒரே வீட்டில் தனி அடுப்பு வைத்தவள் என்பதுதான். குடும்பத்தை ரெண்டாக்கினவள் என்றும் சொல்வார்கள். அவள் என் தங்கை நாச்சியம்மாளின் இளைய மகள். நான் அவளுக்குப் பெரியம்மா. அந்த அடுப்பு ஏன் வந்தது என்று தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். அதிலும் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

நாச்சியம்மாளுக்கும் அவள் வீட்டுக்காரர் பாலுசாமிக்கும் ரெண்டே பெண்கள். வெள்ளகோவிலுக்கு மேற்கே மானாவாரிக் காடு. மூத்தவள் பழனியாத்தாளை அவிநாசிக்குப் பக்கத்தில் திருமலைசாமிக்குக் கொடுத்தோம். வற்றாத கிணறு, தென்னை, பருத்திக்காடு, எட்டுத் தறி ஓடுகிற கொட்டகை எல்லாம் இருந்தது. அங்கிருந்து அவள் மூன்று தடவை அழுதுகொண்டு வந்தாள். ஒரு தடவை காதோரம் வீங்கிப்போயிருந்தது. மூன்று தடவையும் பாலுசாமியே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். கடைசித் தடவை நானும் கூடப் போனேன். “பொறுத்துட்டுப் போ அம்மணி, எல்லாம் சரியாப் போயிரும்” என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே போனது நான்தான்.

தொண்ணூற்று மூன்றாம் வருசம் மாசி மாதம் பழனியாத்தாள் செத்துப்போனாள். வயிற்று வலி என்று ஆள் வந்து சொன்னது. நாங்கள் போய்ச் சேருவதற்குள் குளிப்பாட்டிச் சேலை மாற்றி வைத்திருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட்டோம். அவள் மகள் லோகப்பிரியாவுக்கு அப்போது நாலு வயது. யாருடைய மடியிலும் உட்காராமல் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கருமாதி அன்றைக்கே பேச்சுக் கிளம்பிவிட்டது. திருமலைசாமி சின்ன வயசு, எப்படியும் இன்னொருத்தியைக் கட்டத்தான் போகிறான், வருகிறவள் குழந்தைக்குச் சோறு போடுவாளா என்ன என்று. கனகம் பன்னிரண்டாவது முடித்து, வெள்ளகோவிலில் ஒரு டீச்சர் வீட்டில் தையலும் கேக் போடவும் பழகிக்கொண்டிருந்தாள். இருபத்தோரு வயது. முடியவே முடியாது என்று மூன்று மாதம் நின்றாள்.

“அந்தக் கொழந்தைக்கு ஒரு வாய் சோறு ஊட்டறதுக்கு உன்னை உட்டா யாரு இருக்கறா சாமி?” என்று கேட்டது நான்தான். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

அந்த ஒரு வாய் சோறுதான் இறங்கவில்லை.

லோகு சோற்றைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொள்வாள். அரிசியும் பருப்பும் போட்டு ஆக்கிய சோறு, இடியாப்பம் மாதிரிப் பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை, பச்சைப்பயறு கடைந்து நெய் விட்டது என்று கனகம் தினம் ஒன்று செய்வாள். எல்லாம் சோற்று வட்டலில் வைத்தது வைத்தபடி திரும்பி வரும். வயது ஐந்தாகியும் பதினோரு கிலோதான் இருந்தாள். முதுகைத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது.

மாமியார் பூவாத்தாளின் வாய்க்கு அது போதும்.

“பெத்தவ இருந்த வரைக்கும் வட்டல வழிச்சுத் தின்ன புள்ளை. இவ ஆக்கறத நாய்க்குப் போட்டாக்கூட மோந்து பாத்துட்டு அக்கட்டால போயிரும்.”

“நாய் நல்லாத் திங்குதுங் அத்தை. தெனமும் அதுக்குத்தான போடறனுங்” என்றாள் கனகம்.

தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்கிறவளிடம் கூட்டிப் போனார்கள். அவள் ஊதி ஊதி எதையோ எடுத்துக் காட்டிவிட்டு இனிமேல் குழந்தை சாப்பிடும் என்றாள். சாப்பிடவில்லை. கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். டாக்டர் பசிக்கு ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அந்த பாட்டில் மூடியைத் திருகியதுதான் தாமதம், குழந்தை கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. பூவாத்தாள் இழுத்துப் போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றப் பார்த்தாள். லோகு பாட்டியின் கையைக் கடித்து ரத்தம் வரவைத்துவிட்டாள். திருமலைசாமி தறிக் கொட்டகையிலிருந்து வந்து ஓர் அறை விட்டான்.

“ஊட்டியில ஒரு கான்வென்ட்டு விசாரிச்சு வெச்சிருக்கறேன். சூன் மாசம் கொண்டு போய் உட்டர்றேன். நாலு நாள் பட்டினி கெடந்தா அஞ்சா நாள் தானாத் திங்கறா” என்றான்.

இவள் அஞ்சாம் நாளும் தின்னமாட்டாள், ஆறாம் நாளும் தின்னமாட்டாள் என்பது கனகத்துக்குத் தெரியும். அப்போது சித்திரை நடந்துகொண்டிருந்தது. ஒன்றரை மாதத்துக்குள் குழந்தையைச் சாப்பிட வைக்கவேண்டும், இல்லையென்றால் மலைமேல் அனுப்பி அங்கேயே சாகக் கொடுக்கவேண்டும். அப்படித்தான் அவள் என்னிடம் சொன்னாள்.

மாரியம்மன் நோம்பிக்கு என்று நான் அந்த வாரம் அங்கே போயிருந்தேன். மதியம் கொட்டகைப் பக்கம் ஈயப் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டே கனகம் கேட்டாள்.

“பெரிம்மா, இவ எதத் திங்கறான்னு நீங்க பாத்தீங்களா?”

“எதையுந்தான் திங்கறதில்லையே.”

“திங்கறாளுங். முட்டை வேக வெச்சு ஓட்டோட குடுத்தா அவளே உரிச்சுத் திம்பா. நான் உரிச்சுக் குடுத்தாத் தொட மாட்டா. வாழப்பழம் தோலோட வேணும். கடலக்காயும் ஓட்டோட. எளநி அவ கண்ணு முன்னால சீவோணும். பால் கறக்கறப்ப டம்ளரத் தூக்கிட்டு வந்து மாட்டுக்கிட்டயே நின்னுக்குவா. தண்ணி கூடப் பானையில மொண்டு குடிக்க மாட்டா, மோட்டார் கொழாயிலதான் வாயை வெக்கறா.”

“அதுக்கு என்ன அம்மணி?”

“அதான் எனக்குந் தெரியலீங். தோலோ ஓடோ மூடி இருந்தாத் திங்கறா. மனுசக் கை பட்டுட்டா வேண்டாங்கறா.”

நான் நோம்பிக்கு எத்தனை கிடாய் வெட்டுகிறார்கள் என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

அடுத்த நாள் கனகம் கேக் போட்டாள். பெரிய அலுமினியக் குண்டாவில் மணலைக் கொட்டி அடுப்பில் ஏற்றி, மணல் சுட்டதும் அதன்மேல் மாவுக் கிண்ணத்தை வைத்து மூடிவிட வேண்டும். டீச்சர் வீட்டில் அப்படித்தான் பழகியிருந்தாள். இந்தத் தடவை லோகுவைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள். முட்டையை லோகுதான் உடைத்தாள். மைதாவைச் சலித்ததும், சர்க்கரையை அள்ளிப் போட்டதும், வெண்ணெயோடு சேர்த்துக் கலக்கியதும் அவளே. மூடி போட்டதும்தான் தகராறு.

“தெறங்க சித்தி.”

“இப்பத் தெறந்தா அமுங்கிப் போயிருங் கண்ணு.”

“தெறங்க.”

திறந்து காட்டினாள். ரெண்டு நிமிசம் கழித்து மறுபடி, “தெறங்க.” இப்படியே ஒரு மணி நேரம். குழந்தை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. குண்டாவில் சூடு நிற்கவே இல்லை. கடைசியில் கவிழ்த்தால் கேக் எழும்பாமல், நடுவில் குழி விழுந்து, ஓரம் கருகி வந்தது.

“காசு குடுத்துப் படிச்சது இதுக்குத்தானா? இதுக்கு வரட்டி தட்டியிருந்தா எரிக்கவாவது ஆவும்” என்றாள் பூவாத்தாள்.

லோகு ஓரத்தில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். இன்னொன்று பிய்த்தாள். பிறகு கிண்ணத்தையே மடிக்கு இழுத்துக்கொண்டாள். சமைத்த ஒன்றை அந்தக் குழந்தை தின்று நான் பார்த்தது, அவள் அம்மா போன பிறகு அதுதான் முதல் தடவை. கனகம் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“நல்லா இருக்குதா கண்ணு?”

“ம்.”

“அப்புறம் சோறு மட்டும் ஏன் சாமி வேண்டாங்கறே?”

“இதுல யாரும் ஒண்ணும் ஊத்துல. நான் பாத்துட்டே இருந்தேன்.”

“சோத்துல யாரு என்ன ஊத்துனாங்க?”

“அம்மா” என்றாள் லோகு, மடியில் விழுந்த தூளைப் பொறுக்கிக்கொண்டே. “பாலுஞ்சோறும் பெசஞ்சாங்க. அம்மாவுக்கு ஒரு வட்டலு, எனக்கு ஒரு வட்டலு. பருத்திக்கு அடிக்கற மருந்து டப்பாவக் கொண்டாந்து ரெண்டுலயும் ஊத்துனாங்க. அப்புறம் என்னோடதக் கொண்டு போய்ச் சலதாரையில கொட்டிட்டாங்க. எனக்குப் பசிக்குதுன்னு அழுதேன். அம்மா ஒண்ணுமே சொல்லுல. அவங்களுது மட்டுந் தின்னாங்க.”

பூவாத்தாள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கனகம் அவள் போவதைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னோடு வெள்ளகோவிலுக்கு வந்தாள். பாலுசாமி களத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா எப்புடிச் செத்தாங்கப்பா?”

“வயித்து வலின்னு தெரியாதா உனக்கு?”

“லோகு சொல்லிப்போட்டா.”

கயிறு திரித்த கை நின்றது.

“தெரிஞ்சு என்னம்மணி பண்றது? போலீசு வரும், அறுத்துப் பாப்பாங்க, ரெண்டு குடும்பமும் சந்தி சிரிக்கும். அப்புறம் உனக்கு ஒரு மாப்பிள்ளை அமையுமா?”

“அதுதான் அங்கயே அமைச்சுக் குடுத்துட்டீங்களே.”

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்குந் தெரியுமுங்களா பெரிம்மா?”

“அன்னைக்குச் சேலை மடிப்பச் சரி பண்ணக் குனிஞ்சேன்” என்றேன். “பருத்தி மருந்து வாசம் அடிச்சுது.”

நாச்சியம்மாள் வட்டலில் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கும் தெரியும். கனகம் வட்டலைத் தள்ளிவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலிலேயே கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. ஆனால் போக அவளுக்கு வேறு இடம் எது? அதே அவிநாசி பஸ்தான்.

மற்றதெல்லாம் அவள் வாயால் கேட்டது. போன கையோடு கொட்டகைக்கு வெளியே, நாலு பக்கமும் திறந்த இடத்தில் மூன்று கல்லை வைத்துத் தென்னை மட்டையை மூட்டினாள்.

“என்ன கூத்து இது?” என்றான் திருமலைசாமி.

“எனக்கும் லோகுவுக்கும் தனி அடுப்புங்.”

“நான் செத்தா போயிட்டேன்?” என்று பூவாத்தாள் மாரில் அடித்துக்கொண்டாள். “ஊரே காறித் துப்பும்டீ!”

திருமலைசாமி கையை ஓங்கினான். கனகம் நகரவில்லை.

“அடிங்க. அடிச்சீங்கன்னா ஸ்டேசனுக்குப் போவேன். இவளக் கான்வென்ட்டுக்கு அனுப்புனாலும் போவேன். அக்கா என்ன பண்ணுனாங்கன்னு இவ சொல்லட்டும், ஏன் பண்ணுனாங்கன்னு நீங்க சொல்லுங்க.”

ஓங்கிய கை இறங்கிவிட்டது. அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவன்தான். பிறகு அவளோடு ஒரு சொல் பேசவில்லை, அவள் இருந்த பக்கம் வரவும் இல்லை. அவளுக்கென்று ஒரு பிள்ளையும் பிறக்கவில்லை.

அந்த அடுப்புக்கு முன்னால் ஒரு பலகையைப் போட்டு லோகு உட்கார்ந்துகொள்வாள். அரிசியைக் களைவதும் உப்புப் போடுவதும் அவள் வேலை. ரெண்டு பேருக்கும் ஒரே வட்டல். முதல் வாய் கனகம் சாப்பிடவேண்டும். பத்து நாள் வரைக்கும் அவள் சாப்பிடுவதைக் குழந்தை பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது. பதினோராம் நாள் ரசஞ்சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்தது. ஆடி பிறக்கும்போது ஒரு கைப்பிடி சாப்பிட்டது. சூன் மாதம் போய்விட்டது, ஊட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. அவிநாசியிலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள்.

கனகம் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சொன்னால் குழந்தையை நாலு பேர் கூப்பிட்டு வைத்து விசாரிப்பார்கள். பூவாத்தாள் சொன்னதுதான் ஊரில் நின்றது: வந்து ஒரு வருசத்தில் அடுப்பைப் பிரித்தாள், புருசனைப் பட்டினி போட்டாள். கல்யாணம் சீர் என்றால் அவளைக் கூப்பிடுவது குறைந்துபோயிற்று. கூப்பிட்ட ரெண்டு மூன்று இடத்திலும் பந்தியில் அவள் பக்கத்தில் உட்காரத் தயங்கினார்கள். நான் அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூற்றேழாம் வருசம் தைப் பொங்கல் முடிந்து, ஒப்புட்டு என்கிற பருப்புப் போளி சுட்டுத் தூக்குவாளியில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கனகம் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கப் போயிருந்தாள். லோகுவுக்கு எட்டு வயது. கன்னத்தில் சதை பிடித்து, அப்படியே பழனியாத்தாள் மாதிரி இருந்தாள். அமுச்சி என்று பாட்டி முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஒப்புட்டு கண்ணு. சாப்பிடு.”

“நீங்க மொதல்ல தின்னுங் அமுச்சி.”

நான் ஒரு கடி கடித்தேன். நான் கடித்ததிலேயே பாதியைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். வாயருகே கொண்டு போனவள் நிறுத்தினாள்.

“எங்கம்மா எப்புடிச் செத்தாங்க அமுச்சி?”

அவள் தெரியாமல் கேட்கவில்லை. எனக்குத் தெரியுமா, சொல்வேனா என்று பார்க்கத்தான் கேட்டாள். அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் என் வாயில் நாலு வருசமாகச் சொல்லிப் பழகினதுதான் வந்தது.

“வயித்து வலி கண்ணு.”

லோகு கையிலிருந்த ஒப்புட்டைத் தூக்குவாளியில் திரும்ப வைத்துவிட்டு, விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

“எனக்குப் பசிக்கலீங்” என்றாள்.