பெயரிலி சொன்ன நாலு குறைகள்

வக்கீல் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாக டைப் அடிக்கிறவரைப் பார்த்து, உங்களுக்கு எழுதத் தெரியுமா என்று கேட்டால் கோபம் வருமா வராதா? மேற்படி மேடத்துக்கு வரும். மேற்படி மேடம் என்பது ஜூனியர் வக்கீல்கள் வைத்த பெயர். மனுவோ நோட்டீஸோ, வரிக்கு ஒரு 'மேற்படி' போடாவிட்டால் அவருக்குக் கை ஓடாது. மேற்படி வீடு, மேற்படி வீட்டின் சுவர், மேற்படி சுவரில் ஏறிய மேற்படி நாய்.

பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி என்றால் முதல் பரிசு அவருக்குத்தான். ஒருநாள் நான் எழுத்தாளராவேன் என்று அப்போதே நாலு பேரிடம் சொல்லியும் வைத்துவிட்டார். அந்த ஒருநாள் வருவதற்குள் வேலை வந்தது, கல்யாணம் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள். துணிகளுக்கு அடியில் ஒரு நோட்டு மட்டும் பத்திரமாக இருக்கிறது. அதில் பதினேழு கதைகளுக்குத் தலைப்பு உண்டு, கதைதான் ஒன்றுக்கும் இல்லை.

இப்படிப்பட்டவருடைய நாத்தனார், வீட்டுக்காரரின் ஒரே தங்கை, மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம் எடுத்துக் காட்டுகிறவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "அண்ணி, நான் ஒரு பிளாக் ஆரம்பிச்சிருக்கேன்."

"பிளாக்கா? அதுல என்ன எழுதுவே?"

"சும்மா, தோணுறதைத்தான்."

தோணுறதையாம்! தோன்றுவதையெல்லாம் எழுதிவிடலாம் என்றால் இத்தனை வருஷம் இவர் எதற்காகக் காத்துக் கிடந்தார்? "ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டார். வயிறு எரிந்தது. சாப்பாட்டில் காரமே இல்லை.

முதல் பதிவு எட்டே வரி. படித்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் வீட்டு ஆட்கள். அப்பாடா என்றிருந்தது. ஆனால் இரண்டாவது பதிவில் மனைவியை அழைத்து வராமல், பெண்கள் பிரேமையெல்லாம் தன் முகத்திலேயே மாட்டிப் பார்த்த ஒரு மனிதரைப் பற்றி எழுதினாள். பத்தொன்பது பேர் பின்னூட்டம் போட்டார்கள். வீட்டுக்காரர் அதை உரக்கப் படித்துக் காட்டினார்.

"பாரேன், என்னமா எழுதியிருக்கா!"

"நானும்தான் இருபத்திரண்டு வருஷமா அடிச்சுத் தள்ளுறேன். என்னைக்காவது படிச்சிருக்கீங்களா?"

"உன்னோடது மனு. அதைப் படிச்சா எனக்குத் தூக்கம்ல வரும்!"

அன்று முழுக்க அவரோடு மேடம் பேசவில்லை. பேசவில்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை.

நாலாவது பதிவுதான் கழுத்தை அறுத்தது. அம்மாவும் அவளும் வீடு மாறிய அன்று லிப்ட் ஓடாமல், மர அலமாரியை நாலாவது மாடிக்குப் படிவழியே ஏற்றிய கதை. அண்ணன் முன்னால் பிடித்தானாம். திருப்பத்தில் அலமாரி சிக்கிக்கொண்டதாம். அம்மா படியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாளாம். இவள் கீழே குடை பிடித்து நின்றாளாம். எல்லாரும் வந்துவிட்டார்கள். பின்னால் பிடித்தது யார்? அலமாரி தானாகவே நடந்து போயிற்றா?

பிடித்தது மேடம். தோளில் விழுந்த காயம் ஆற ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஆளையே காணோம், அதற்கு ஐம்பது பேர் 'அருமை, அருமை' என்று கைதட்டுகிறார்கள். ஆபீஸில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தது திறந்தபடி வைத்துவிட்டு, பெயர் போடாமல், பெயரிலியாக, கடகடவென்று அடித்தார்:

"1. மேற்படி அலமாரிக்குக் கதவு இரண்டு. மூன்று அல்ல.

2. மேற்படி அலமாரி சிக்கியது மூன்றாவது மாடித் திருப்பத்தில். இரண்டாவது மாடியில் அல்ல.

3. அன்று மழையே இல்லை. எனவே குடை பிடித்ததாகச் சொல்வது ஏற்கத்தக்கதல்ல.

4. மேற்படி அலமாரியின் பின்பக்கத்தைத் தோளில் தாங்கி ஏற்றியவர் ஒரு பெண். படியேறும்போது பாரம் முழுவதும் பின்னால் நிற்பவர் மேல்தான் இறங்கும். அவரைக் குறித்து ஒரு வார்த்தையும் இல்லை."

அனுப்பிவிட்டுச் சாப்பிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு சாப்பாடு ருசித்தது.

நாத்தனார் வாடிப்போயிருப்பாள் என்று மறுநாள் ஆசையாகத் திறந்து பார்த்தால், பின்னூட்டம் நூறைத் தாண்டியிருந்தது. புதிதாக வந்ததெல்லாம் பெயரிலியைப் பற்றி. "நாலாவது பாயிண்ட் மனசைப் பிசைஞ்சிடுச்சு." "யாருங்க இந்தப் பெயரிலி? என்ன எழுத்து!" "அந்தப் பெண் யார்னு சொல்லுங்க." ஒருவர் அடித்தே சொல்லிவிட்டார்: பெயரிலி கட்டாயம் ஒரு ரிட்டயர்டு ஜட்ஜாகத்தான் இருப்பார்.

கட்டுரைப் போட்டிக்குப் பிறகு கிடைத்த முதல் பாராட்டு. அதை யாரோ ஒரு ஜட்ஜ் அள்ளிக்கொண்டு போகிறார்! நாத்தனார் மேலிருந்த பொறாமையெல்லாம் இப்போது பெயரிலி மேல் திரும்பியது. யாரிடம் போய்ச் சொல்வது? நல்லது எழுதியிருந்தால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். எழுதினது குத்தல் ஆயிற்றே. அந்த வாரம் அவர் அடித்த மூன்று மனுக்கள் திருத்தத்துக்குத் திரும்பி வந்தன.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். வீட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். "யாரோ ஜட்ஜாமே, உன் பிளாக்ல பின்னியெடுத்திருக்காரு!" என்றார்.

"ஜட்ஜும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான்" என்றார் மேடம்.

வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. பொறுக்க முடியாமல் சொன்னார். வீட்டுக்காரர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டார்.

"தெரியும் அண்ணி" என்றாள் நாத்தனார். "இத்தனை மேற்படி வேற யாரு போடுவா?"

"தெரிஞ்சுமா அழிக்காம விட்டே?"

"நாலாவது நிஜம்தானே. எனக்கு அது ஞாபகமே வரல அண்ணி. நீங்க எழுதின பிறகுதான் வந்துச்சு. ஒரு வாரம் தோளை அமுக்கிக்கிட்டே இருந்தீங்க." தட்டையே பார்த்தபடி சொன்னாள். "எல்லாரும் அந்தப் பொண்ணு யாருன்னு கேக்குறாங்க. நான் சொல்ல மாட்டேன். தூக்கினவங்கதான் எழுதணும்."

அவளே போனை வாங்கி அண்ணிக்கு ஒரு பிளாக் திறந்து கொடுத்தாள். என்ன பெயர் வைக்கலாம் என்றதற்கு வீட்டுக்காரர் 'மேற்படி' என்றார். வேறு பெயர் யாருக்கும் தோன்றவில்லை.

ஒன்பது நாள் மதிய இடைவேளை அதற்கே போயிற்று. 'மேற்படி அலமாரியானது' என்று ஆரம்பித்தார், அழித்தார். 1 என்று எண் போட்டார், அழித்தார். இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம் லேசில் விடுமா? பத்தாம் நாள் இப்படி வந்தது: "அலமாரி கனமாக இருந்தது. கனமாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் இறக்கி வை என்பார்கள். இறக்கினால் மறுபடி தூக்க வேண்டும்." அதன் பிறகு கை தானாக ஓடியது.

பதிவைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் பார்த்தார். ஈ காக்காய் இல்லை. இரண்டு மணி நேரம் ஆயிற்று. கூட்டமெல்லாம் பெயரிலிக்குத்தான் போலிருக்கிறது, நமக்கு யார் வரப்போகிறார்கள் என்று சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் திணித்தார். பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது ஒரே ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. நாத்தனார் தன் பெயரைப் போட்டே எழுதியிருந்தாள்:

"1. கதவு மூணுதான் அண்ணி. போய் எண்ணிப் பாருங்க.

2. இதை நான் எழுதலையேன்னு பொறாமையா இருக்கு."

கதவை அப்புறம் எண்ணிக்கொள்ளலாம் என்று, மேடம் பையோடு மறுபடி உட்கார்ந்து, இரண்டாவதை இன்னொரு தடவை படித்தார்.