பொம்மையிடம் பேசிய நர்ஸ்

என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வைத்த பெயர் சைலன்ட் சிஸ்டர். பதினாறு வருஷமாக நர்ஸ். ஊசி போட்டது நோயாளிக்கே தெரியாது, அப்படி ஒரு கை. வாயை மட்டும் திறக்கவே மாட்டாள். வீட்டில் அவளுக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன். வாயாடி என்று எனக்குப் பெயர்.

அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததும், என் பேங்க் வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டேன். வந்து இறங்கினால் ஒரு பரீட்சை; அதில் பாஸானால்தான் வேலை நிலைக்கும். கட்டிலில் ஒரு பொம்மை படுத்திருக்கும். அதை நிஜ நோயாளியாக நினைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். செய்கிற ஒவ்வொன்றையும் அதனிடம் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். சொல்லாவிட்டால் செய்யாத கணக்கு.

எங்கள் அம்மணி ஒரு குறையில்லாமல் எல்லாம் செய்தாள். மூச்சு விடவில்லை. ஃபெயில்.

"பொம்மைகிட்டப் போய் வலிக்குதான்னு கேட்கச் சொல்றாங்க. வெட்கமா இருக்குங்க," என்றாள்.

இன்னும் ஒரு தடவைதான் வாய்ப்பு. அதிலும் கோட்டை விட்டால் மூன்று பேரும் மூட்டை முடிச்சைக் கட்ட வேண்டியதுதான்.

"நான் எதுக்கு இருக்கேன்? என்னைப் பொம்மையா வச்சுக்கோ," என்று கட்டிலில் மல்லாந்தேன்.

மகள்தான் எக்ஸாமினர். ஸ்கூல் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "கேட்கலம்மா, சத்தமா" என்பாள். நான் ஏதாவது முனகினால், "பொம்மை பேசாதுப்பா" என்று ஒரு அதட்டல். வாயைப் பொத்திக்கொண்டு கிடப்பதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

பழக்கம் முற்றிப்போய், "இப்போ உங்க தட்டுல சாப்பாடு வைக்கப் போறேன், சம்மதமா?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஜன்னலைத் திறக்க அனுமதி கேட்டு, காரணமும் விளக்கினாள். அந்த மனிதர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது.

இரண்டாம் தடவை போய் வந்த பரீட்சையின் ரிசல்ட் அவள் போனில் வந்தபோது நான் சும்மாதான் படுத்திருந்தேன். படித்தாள். ஒன்றும் சொல்லாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். எனக்கு உயிரே இல்லை.

"போனா போகுது விடு. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்," என்றேன்.

"பாஸ்," என்றாள்.

மகள் குதித்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கி ஓடினாள். இவள் நகரவில்லை.

"நீங்க சிரிச்சீங்க, நானும் சிரிச்சேன். உள்ளுக்குள்ள எவ்வளவு பயம் தெரியுமா? என்னை நம்பி, இருந்த வேலையை விட்டுட்டு வந்தீங்க. ஒரு நாளாவது குத்திக் காட்டினீங்களா? ரெண்டாவது பரீட்சை அன்னைக்குப் பொம்மையைப் பார்த்ததும் எனக்கு வெட்கமே வரலை. படுத்திருக்கிறது நீங்கதான்னு நினைச்சுக்கிட்டேன். உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் கேட்டுக் கேட்டுச் செஞ்சேன்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னிடம் இவ்வளவு சேர்ந்தாற்போல் பேசியதில்லை. பதில் சொல்ல வாயெடுத்தேன், பொம்மை பேசாது என்பது ஞாபகம் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே படுத்துக் கிடந்தேன்.